லிஃப்ட் மெக்கானிக்கின் மூச்சு

லிஃப்ட் மெக்கானிக் மூச்சைப் பிடித்தால் அவருடைய மகள் அந்தரத்தில் நிற்பாள். அவர் மூச்சை விட்டால் கீழே வருவாள். அவள் இரண்டாம் வகுப்பு படித்தபோது, பள்ளி விளையாட்டு விழாவில் இது முதன்முதலில் தெரியவந்தது. அவளுடைய அம்மா காய்ச்சல் என்று படுத்து எழுந்திருக்காமலே போன வருடம் அது. உயரம் தாண்டும் போட்டிக்கு ஒரு கயிற்றைக் கட்டியிருந்தார்கள். ஓடிவந்தாள், எம்பினாள், கயிற்றுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டாள். பி.டி. சார் இறங்கச் சொன்னார். வர மாட்டேங்குது சார் என்றாள். வரிசையில் அடுத்த பிள்ளை கொட்டாவி விட்டது. மெக்கானிக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அடுத்த வீட்டுத் தையல்காரம்மா அவர் முகம் கருஞ்சிவப்பாகிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு முதுகில் ஓர் அறை வைத்தார். அவர் மூச்சை விட்டார், பிள்ளை மணலில் வந்து இறங்கியது. முதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள்.

ஊர் இதைக் கொஞ்ச நாள் பேசியது. பிறகு தெருக் குழாயில் தண்ணீர் வராததைப் பேசப் போய்விட்டது. டாக்டர் மெக்கானிக்கின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். ஒரு வங்கி அதிகாரி தன் மகனுக்காக மூச்சைப் பிடித்துப் பார்த்தார். அவர் படிக்கட்டிலிருந்து உருண்டு விழுந்ததுதான் மிச்சம். பையன் வழக்கம்போல நான்காவதாக வந்தான்.

மெக்கானிக்குக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. மற்ற அப்பாக்கள் வேலிக்கு வெளியே நின்று காலை இப்படி வை, கையை அப்படி வீசு என்று கத்தினார்கள். இவர் காலுறை துவைத்தார், விடியும் முன் முட்டை அவித்தார், முதுகில் குத்தும் எண் துணிக்கு இஸ்திரி போட்டார், மூச்சைப் பிடித்தார். பிடிப்பதை மட்டும் அவர் தொழில் மாதிரி பழகினார். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து, எண்ணெயும் தூசியுமான அந்த இருட்டுக் குழாயில், தரைத்தளத்தில் மூச்சை நிறுத்தினால் ஏழாம் மாடியில்தான் விடுவார். வருடங்கள் போகப்போக, அந்த நேரத்துக்குள் மகளால் கம்பிக்கு மேலே இடுப்பைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, ஒரு காலை அந்தப் பக்கம் எடுத்து வைத்து, மறு காலையும் எடுத்து வைத்து, அவிழ்ந்த பின்னலைச் சரிசெய்துகொண்டு, அப்பாவைப் பார்த்துத் தலையாட்ட முடிந்தது. நடுவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கம்பி விழுவதைப் பற்றி அதில் நிறைய இருந்தது. ஓர் ஆள் மேலே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. பதக்கம் கொடுத்தார்கள்.

பதினைந்து வயதில், உடை மாற்றும் அறையில், கொக்கு என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டைப் பெண் ஒருத்தி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "உனக்கென்னடி, அப்பா நுரையீரல்ல ஏறி வர்ற. எங்கப்பா கடையில உக்காந்திருக்காரு. நான் என் கால்லதான் வரணும்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கொக்கு கெட்ட பெண் இல்லை, நடப்பதைச் சொன்னாள், அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்த மகள், தன்னால் எவ்வளவு உயரம் தாண்ட முடியும் என்பது தனக்கே தெரியாது என்றாள். இனி மூச்சைப் பிடிக்க வேண்டாம் என்றாள். மெக்கானிக் சரி என்றார்.

அவரால் அது முடியவில்லை. அவள் ஓட ஆரம்பித்ததும் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொண்டது. அடுத்த போட்டியில் மகள் கம்பிக்கு மேலே கையைக் கட்டிக்கொண்டு நின்று அப்பாவையே முறைத்தாள். பிறகு வேண்டுமென்றே குதிகாலால் கம்பியைத் தட்டிவிட்டாள். மூன்று வாய்ப்பிலும் அப்படியே செய்தாள். வீட்டில் பேச்சு நின்றது. உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்து போய் எடுத்துக்கொண்டாள். மைதானத்துக்கு வரவேண்டாம் என்று சீட்டில் எழுதி முட்டைப் பாத்திரத்தின் மேல் வைத்தாள். அவர் வரவில்லை. ஆனால் பயிற்சி நேரம் எது என்று அவருக்குத் தெரியும். லிஃப்ட் குழிக்குள் கையில் ஸ்பேனரோடு மணியைப் பார்ப்பார். பி.டி. சார் போன் செய்வார், சார், கொஞ்சம் மூச்சு விடுங்க, மத்த பிள்ளைங்க காத்திருக்காங்க.

மாநில விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அந்த வருடக் கடைசியில் வந்தது. குறித்த உயரத்தைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் இடம். தலைமை நடுவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: இந்தப் பெண் மேலே தங்கினால் அந்த வாய்ப்பு செல்லாது. அப்பா எட்டத்தில் இருந்தாலும் பயன் இல்லை என்று ஆகிவிட்டதால், மகளே அவரைப் பார்வையாளர் படிக்கட்டுக்கு அழைத்து வந்தாள். வழி சொன்னது தையல்காரம்மா. வாய் பேசிக்கொண்டே இருந்தால் யாராலும் மூச்சைப் பிடிக்க முடியாது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அவருக்கு அது அனுபவத்தில் தெரியும்.

மெக்கானிக் பேசத் தெரியாதவர். மனைவி போனபின் ஒரு நாளைக்கு அவர் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துவிடலாம். முதல் வாய்ப்பில், மனப்பாடமாக இருந்த லிஃப்ட் அறிவிப்புப் பலகையைச் சொன்னார். கதவு மூடும்போது கை வைக்காதீர்கள். எட்டுப் பேருக்கு மேல் ஏறாதீர்கள். மின்சாரம் நின்றால் பதறாதீர்கள். அதோடு பலகை முடிந்துவிட்டது. மகள் மேலே நின்றாள். நடுவர் சிவப்புக் கொடியைக் காட்டினார். இரண்டாவதில் மறுபடி முதலிலிருந்து சொல்லி, விடாமல் சொல்லி, மூச்சைப் பிடிக்காமலே ஓட்டிவிட்டார். மகள் மற்றவர்களைப் போலவே மேலே போய், மற்றவர்களைப் போலவே வந்து, இடுப்பில் கம்பியோடு மெத்தையில் தொப்பென்று விழுந்தாள். அவள் விழும் சத்தத்தை அவர் அன்றுதான் கேட்டார். பாதி எழுந்துவிட்டார். தையல்காரம்மா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். மகள் எழுந்து, இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, கம்பியையும் தான் எம்பிய இடத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு தான் ஓடத் தொடங்கும் அடையாளத்தை அரை அடி பின்னால் தள்ளி வைத்தாள்.

மூன்றாவது வாய்ப்புக்கு அவள் பெயரைக் கூப்பிட்டபோது மெக்கானிக்கின் வாய் உலர்ந்திருந்தது. தையல்காரம்மா, போர்டு படிச்சது போதும்ணே, இவ அம்மாவ எங்க பாத்தீங்க, அதைச் சொல்லுங்க என்றார்.

"லிஃப்ட்ல" என்றார் மெக்கானிக். "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. உள்ள அவ மட்டும். சத்தமே இல்ல. பயந்து மயங்கிட்டாளோன்னு குரல் குடுத்தேன். மணி என்னாச்சுன்னு கேட்டா. கதவை நெம்பித் திறந்தா, தரை எங்கயோ இருக்கு, அவ எங்கயோ இருக்கா."

"அப்புறம்?"

"கை குடுத்தேன்மா. நல்லா கால ஊனிக்கிட்டு கைய நீட்டுனேன். அவ பாக்கவே இல்ல. செருப்பக் கழட்டி முதல்ல வீசுனா. அப்புறம் குதிச்சுட்டா. நீட்டுன கை அப்படியே நிக்குது. செருப்ப மாட்டிக்கிட்டு, வேலைக்கு நேரமாச்சுன்னு போயிட்டா. மறுநாள் அதே லிஃப்ட்ட நான் சும்மாவே போய் ரிப்பேர் பண்ணுனேன்..."

எட்டு வருடமாகச் சொல்லாததை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பி ஆடியதையும், ஆடி ஆடி நின்றதையும், வெள்ளைக் கொடியையும் அவர் பார்க்கவில்லை. கொக்கு கை தட்டியதையும் பார்க்கவில்லை. தையல்காரம்மா பார்த்தார், ஆனால் கதை பாதியில் இருந்ததால் குறுக்கே பேசவில்லை. மகள் படியேறி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சத்தைக் கேட்டாள். செருப்பு என்ன கலர் என்று கேட்டாள். பச்சை என்றார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு இடம் கிடைத்தது அவருக்குத் தெரிந்தது.

விடுதிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கூடத்து பல்பு எரியாமல் போய் மாதக்கணக்காகியிருந்தது. கூரை உயரம், ஏணி அலுவலகத்தில் இருந்தது. மகள் புது பல்பை எடுத்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அப்பா, கொஞ்சம் பிடிங்க என்றாள். மெக்கானிக் மூச்சை இழுத்துப் பிடித்தார். அவள் எம்பிப் போய்ப் பழையதைக் கழற்றினாள், புதியதை மாட்டினாள். வந்ததுதான் வந்தோம் என்று மின்விசிறியின் இறக்கைகளையும் துணியால் துடைத்தாள். மூன்றாவது இறக்கையில் ஒட்டடை கெட்டியாக இருந்தது. அதையும் சுரண்டி எடுத்துவிட்டு, சரிப்பா என்றாள். அவர் மூச்சை விட்டார்.