ஹால் பக்கம் திருப்பிய கதவு

பல்லடம் ரோட்டில் இரண்டு ஏக்கர் தோட்டத்தை வாங்கி, அதன் நடுவே காஜா மொய்தீன் கட்டிய வீட்டைப் பார்த்து வாயைப் பிளக்காதவர் கிடையாது. தொண்ணூற்றிரண்டில் பனியன் ஏற்றுமதி அவரைத் தூக்கி நிறுத்தியிருந்தது. கோயமுத்தூர் டிசைனர் ஒருவன் வெளிநாட்டுப் புத்தகங்களைப் பிரித்துக் காட்டியே அவரை மயக்கிவிட்டான். நாற்பதடி ஹால், குறுக்கே ஒரு சுவர் இல்லை. வெள்ளை மார்பிள், வெள்ளை சோபா, கூரையில் குட்டிக் குட்டி விளக்குகள். சமையலறைக்குக்கூடக் கதவு இல்லை, வெறும் வளைவுதான்.

அவர் மனைவி நசீம் பானு அந்த வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்று, படுக்கையறையோடு ஒட்டிய பாத்ரூம். கோஷா பார்க்கும் குடும்பம். ஹாலில் அந்நிய ஆண்கள் உட்கார்ந்துவிட்டால் பெண்கள் அறையை விட்டு அசைய முடியாது. பிளானில் அது இருக்கத்தான் செய்தது. பூச்சு வேலை முடிந்து போய்ப் பார்த்தால், படுக்கையறைப் பக்கக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு ஹால் பக்கம் புதிதாக ஒன்றைத் திறந்திருந்தார்கள்.

"சரக்கு வாங்க வெளிநாட்டுப் பையர் வந்தா பெட்ரூமு வழியாவா கூட்டிட்டுப் போறது? நீ கொஞ்சம் அனுசரிச்சுக்க புள்ள" என்றார் காஜா மொய்தீன்.

"ரெண்டு பக்கமும் கதவு வெச்சா என்னங்க?"

"நல்லா இருக்காதுன்னு டிசைனரு சொல்றாரு."

டிசைனரா இந்த வீட்டில் பிள்ளை பெற்று வளர்க்கப் போகிறான்? நசீம் பானுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். அதற்காகப் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

குடிபுகும் நாள் வந்தது. ஜும்மா தொழுகை முடிந்து, ஃபாத்திஹா ஓதி, ஹாலில் முப்பது ஆண்கள் பிரியாணிக்கு உட்கார்ந்தார்கள். சாயப்பட்டறைக்காரர்கள், நிட்டிங் ஓனர்கள், மெட்ராஸ் பையிங் ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பெண்கள் பதினான்கு பேர் படுக்கையறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வியர்த்துக் கிடந்தார்கள். அவர்களில் ஒருத்தி குன்னத்தூரிலிருந்து வந்த சபுரா பீவி, காஜா மொய்தீனின் அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இப்போது சர்க்கரை வியாதிக்காரி.

"பானு, தாங்கல கண்ணு. அவன்கிட்ட ஒருக்காச் சொல்லேன்."

நசீம் பானு கதவை ஒரு விரற்கடை திறந்து கணவரை அழைத்தாள்.

"அக்காளுக்கு அவசரமுங்க. அவிங்களை ரெண்டு நிமிசம் வெளிய நிக்கச் சொல்லுங்க."

"மெட்ராஸ்காரங்க சாப்புட்டுட்டு இருக்காங்க. எந்திரிங்கன்னு எப்படிச் சொல்றது? பத்து நிமிசம் பொறுக்கச் சொல்லு."

பத்து நிமிடம் அரை மணி நேரமானது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் ஒவ்வொருவராகப் போவதும், தண்ணீர் ஊற்றுவதும், கதவு சாத்துவதும் தெளிவாகக் கேட்டது. கேட்கக் கேட்க சபுரா பீவி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு குறுகினாள். கடைசியில் அவளால் முடியவில்லை. புது மார்பிளில் ஈரம் பரவியது. மற்ற பெண்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அறுபது வயதுக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

நசீம் பானு முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவை அகலத் திறந்தாள். நேராக ஹாலின் நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் தட்டை எடுத்துட்டுத் தோட்டத்துக்குப் போங்க. பொம்பளைங்க வெளிய வரோணும்."

மெட்ராஸ்காரர் காஜா மொய்தீனைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரை ஏனுங்க பாக்கறீங்க? ஊட்டுக்காரி நாஞ் சொல்றேன், எந்திரிங்க."

முப்பது பேரும் தட்டும் கையுமாக வெளியேறினார்கள். சபுரா பீவியை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக ஹால் வழியே நடத்திப் பாத்ரூமுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். மற்ற பெண்கள் சமையலறைப் பக்கம் ஒதுங்க, நசீம் பானு மட்டும் அறைக்குத் திரும்பினாள்.

காஜா மொய்தீன் முகம் சிவக்கப் படுக்கையறைக்குள் நுழைந்தார். "முப்பது பேரு முன்னால எம் மானத்த வாங்கிட்டியே!"

"உங்க மானம் தென்னமரத்தடியில நின்னு நல்லாத்தான் பிரியாணி திங்குது. உங்க அக்காளோட மானந்தானுங்க இங்க தரையில கெடக்குது."

அப்போதுதான் அவர் கீழே பார்த்தார். அலமாரி துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணியில் ஒரு கை அள்ளி நசீம் பானு அவர் முன்னால் நீட்டினாள்.

"வேலைக்காரியக் கூப்புடு" என்றார் அவர், குரல் இறங்கி.

"வேலைக்காரிக்கு அக்கா இல்லீங்க அவங்க."

செங்கல் வைத்து அடைத்த இடத்துக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் விசும்பல் கேட்டது. காஜா மொய்தீன் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டித் துணியை வாங்கிக்கொண்டு, பேண்ட்டை மடித்துவிட்டு மண்டியிட்டார்.