நடமாடும் ஊசி

விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுவது அவள் வேலை. பற்பசைக்கும் சோப்புக்கும் எழுதியே சலித்துப்போயிருந்தவளுக்கு, தட்டம்மைத் தடுப்பூசி விளம்பரம் வந்ததும் இப்போதாவது உருப்படியாக எழுதுவோம் என்று தோன்றியது. முதலாளி விட்டால்தானே!

முதலாளிக்கு 'ஐடியா மன்னர்' என்று பட்டம். கொடுத்தவரும் அவரே.

"ஜனங்களுக்கு மூளை கிடையாதும்மா. பயமுறுத்தணும், இல்லேன்னா சிரிக்க வைக்கணும். நாம ரெண்டையும் சேத்துப் பண்றோம்" என்று ஒரு படத்தை நீட்டினார். இரண்டு ஆள் உயர ஊசி வேஷம். ஊசிக்குக் கண், மீசை, பல்.

"சார், எங்க அண்ணி ஒண்ணும் மூளையில்லாதவங்க இல்ல. மூத்தவனுக்கு ஊசி போட்டு ஒரு வாரம் கழிச்சுக் காய்ச்சல் வந்துச்சு. வரலாம்னு யாருமே சொல்லல. மிரண்டு போய்த்தான் சின்னவளுக்குப் போடாம இருக்காங்க. அதை எழுதுவோமே."

"சோப்பு விளம்பரத்துல கண்ணு எரியும்னு எழுதுனியா? காய்ச்சலாம்ல!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சம்பளத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு.

தொடக்க விழா சுகாதார நிலைய வாசலில் நடந்தது. பெஞ்சு நிறையத் தாய்மார்கள், மடியில் குழந்தைகள். மேளதாளத்தோடு ஊசி ஆடிக்கொண்டு வந்தது. வேஷத்துக்குள்ளே இருந்த அலுவலகக் கணக்கருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. முதல் குழந்தை வீறிட்டதும் மற்றவையும் பிடித்துக்கொண்டன. சத்தம் வந்த திசைக்கு ஊசி பல்லைக் காட்டிக்கொண்டே திரும்ப, பெஞ்சு காலியாயிற்று. தடுமாறிய கணக்கர் விருந்தினராக வந்திருந்த அதிகாரியின் தொந்தியில் போய்க் குத்தினார்.

"பாத்தியா, எவ்வளவு அறியாமை!" என்றார் முதலாளி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நர்ஸ் கொதித்துப்போய் நின்றாள். "தானா வந்தவங்களையும் துரத்திட்டீங்களே!"

அவள் நர்ஸை உள்ளே அழைத்துப்போய் அண்ணி கதையைச் சொன்னாள்.

"எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. கூட்டத்துல சில நாள் எனக்கே சொல்ல விட்டுப்போகுது" என்றாள் நர்ஸ்.

அவள் அங்கேயே ஒரு தாளில் எழுதினாள்: 'ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் லேசாகக் காய்ச்சல் வரலாம். ஓரிரு நாளில் போய்விடும். தட்டம்மை அப்படிப் போகாது. சந்தேகமா? எங்களைக் கூப்பிடுங்கள்.' கீழே நிலையத்தின் எண். நர்ஸ் அதைக் கதவில் ஒட்டிவிட்டு, ஓடிப்போனவர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்தாள்.

மறுநாள் அவள் அண்ணியையும் சின்னவளையும் கூட்டிவந்தாள். அண்ணி தாளை நின்று படித்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் எதுக்கு ஒளியப்போறேன்?"

"சொல்லியிருக்கணும், தப்புதான்" என்றாள் நர்ஸ். சின்னவள் ஒரு மூச்சு அழுதாள், அவ்வளவுதான்.

பெஞ்சு மெல்ல நிரம்பியது. பெருமை யாருக்குப் போயிற்று? ஊசி வேஷத்துக்கு. முதலாளி மேடையேறிக் கேடயம் வாங்கி, மக்களின் அறியாமையைப் பற்றி அரை மணி நேரம் முழங்கினார். அடுத்த நாள் காலை அவளைக் கூப்பிட்டார்.

"அடுத்து வயித்துப்போக்கு. நல்ல வேஷமா ஒண்ணு யோசி."

"வேஷம் எதுக்கு சார்? நேத்து அரை மணி நேரம் நிக்காமப் போச்சே, அது மாதிரி நீங்களே பேசுங்க, போதும்."

இந்த முறை யாரும் சம்பளத்துக்குச் சிரிக்கவில்லை. கணக்கர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். அன்றே அவளுக்குச் சீட்டுக் கிழிந்தது. வீட்டில் அண்ணி மட்டும் அந்தப் பதிலை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.