ஆறு கோழியும் ஒரு வேலையும்

"ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல என் வேலை இருக்கணும். எதுன்னு நீயே சொல்லு, ட்ரூடி!"

"கத்தாத வெர்லன். குஞ்சுங்க பயப்படுது."

"குஞ்சுங்க பயப்படுதா? நான் நடுங்கறது உன் கண்ணுல படலையா?"

பக்கத்து வீட்டுக் கார் கொட்டகையின் கதவு திறந்தே கிடந்தது. நான் வேலியோரம் லைலக் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். பூ வரும் முன்பு அதைக் கத்தரிக்கக் கூடாதுதான். ஆனால் அந்த இடத்தில் நின்று செய்ய வேறு வேலை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வெர்லன் ஹூக்ஸ்ட்ரா ஐயோவா மாநிலத்தில் எங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய முட்டைப் பண்ணையில் வேலை பார்ப்பவன். உள்ளே போகும்போது குளியல், வெளியே வரும்போது குளியல், வீட்டிலிருந்து போட்டுப்போன சட்டை வாசலோடு சரி. அங்கே வேலை செய்பவர்கள் வீட்டில் இறக்கை முளைத்த எதையும் வளர்க்கக் கூடாது. கூண்டுக்கிளிக்குக்கூட அனுமதி இல்லை. பறவைக் காய்ச்சல் ஒரு கோழிக்கு வந்தால் பண்ணையையே காலி செய்ய வேண்டும். அதனால் வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

கடையில் டஜன் முட்டை எட்டு டாலர் என்று பார்த்த கோபத்தில் அவன் மனைவி ட்ரூடி தீவனக் கடைக்கு வண்டியை விட்டுவிட்டாள். அங்கே கோழிக்குஞ்சும் விற்பார்கள், ஆனால் ஆறுக்குக் குறைந்து தரமாட்டார்கள். விற்றதைத் திரும்ப வாங்கவும் மாட்டார்கள்.

"பொழுதுக்கும் கோழிங்களோடதான கெடக்கிற, கூட ஆறு வந்தா என்னவாம்?" என்றாள் ட்ரூடி. "லட்சம் கோழிக்குக் காவல் இருக்கறவன் வீட்டுல ஒரு ஆம்லெட்டுக்கு வழியில்ல. சொன்னா சிரிப்பாங்க."

"அம்மா, இதுங்க முட்டையிட ஆகஸ்ட் ஆயிடும்," என்றாள் மகள் கொரின். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். "கூண்டு, தீவனம், சூட்டுக்கு விளக்கு, எல்லாத்தையும் கூட்டிப் பாரு. மொத முட்டைய திங்கக் கூடாது, ஃப்ரேம் போட்டு மாட்டணும்."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். யார் கேட்டாலும் கோழிகள் கொரினுடையவை. வெர்லன் கொல்லைப்பக்கம் காலே வைக்க மாட்டான். கோடை முழுவதும் ட்ரூடிதான் புல் வெட்டினாள். வெர்லன் சமையலறை ஜன்னலில் நின்று, தன் தோட்டத்தைப் பக்கத்து ஊர்க்காரன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்வாசலில் அவனுடைய வேலைச் செருப்பு தனியாக, ட்ரூடியின் செருப்பு தெருவைத் தாண்டி என்று சொல்லுமளவுக்குத் தள்ளி. பண்ணை வண்டி எங்கள் தெருவில் திரும்பினாலே அவன் முகம் வெளுத்துவிடும். எனக்கும் நாக்கைக் கட்டி வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கோடை எனக்கு லேசாக இல்லை.

கோழிகள் முட்டையிடத் தொடங்கியபோது கடையில் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

இலையுதிர் காலத்தில், காய்ச்சலைப் பரப்பும் காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாகப் பறக்க ஆரம்பித்தன. பக்கத்து மாவட்டத்தில் ஒரு பண்ணைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அதே வாரம் ட்ரூடியின் பழுப்புக் கோழி ஒன்று மூலையில் குறுகி உட்கார்ந்து தும்மியது.

"கழுத்தத் திருகிப் பொதைச்சிடறேன். யாருக்கும் தெரியாது," என்றாள் ட்ரூடி.

வெர்லன் வேலைக்குக் கிளம்பியவன், வண்டியில் ஏறி உட்கார்ந்தபடியே இருந்தான். சாவியைத் திருகவில்லை.

"நோயா இருந்தா? என் மேல ஒட்டிக்கிட்டு உள்ள போயிட்டா?"

"குளிச்சுட்டுதான போற!"

"நீ அத கையால தூக்கின. அந்தக் கையாலதான் எனக்கு ரொட்டி கட்டிக் குடுத்த. அங்க இருநூறு பேரு வேலை பாக்கறான் ட்ரூடி. பண்ணை காலியானா அத்தன பேரும் வீட்டுக்குப் போவணும்."

"அப்ப நீயே போன் பண்ணிச் சொன்னா? உன் ஒருத்தன் வேலைதான போவும்?"

"ஆமா. என் ஒருத்தன் வேலைதான்."

வெர்லன் அங்கேயே, வண்டிக்குள் இருந்தபடியே, மேற்பார்வையாளருக்கும் கால்நடைத் துறைக்கும் போன் செய்தான்.

மத்தியானத்துக்குள் துறையிலிருந்து வெள்ளை உடுப்பு போட்ட ஒரு பையன் வந்து, பரிசோதனைக்காக ஒவ்வொரு கோழியின் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தான். எவரெட் என்று பெயர். கொரின்தான் கோழிகளைப் பிடித்துக்கொடுத்தாள்.

"இப்படி யாராச்சும் என்னோட நோயாளிங்க வாயையும் தொறந்து புடிச்சா நல்லாருக்கும்," என்றாள் அவள். அவன் முகமூடிக்குள் சிரித்தது எனக்கு வேலி தாண்டிக் கேட்டது.

பரிசோதனை முடிவு வந்தபோது பறவைக் காய்ச்சல் எதுவும் இல்லை. வெறும் சளி. இரண்டே நாளில் அந்தக் கோழி எழுந்து தீவனத்துக்குச் சண்டை போட்டது.

ஆனால் விதி விதிதான். மேற்பார்வையாளர் வந்து, எட்ட நின்றே வருத்தம் சொல்லி, வெர்லனைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார். நன்றி சொன்னாராம். ட்ரூடி அந்த நன்றியை என்ன செய்யச் சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே வீட்டை விற்றுவிட்டு வெர்லனும் ட்ரூடியும் நெப்ராஸ்கா மாநிலத்துக்குப் போனார்கள். வெர்லனுக்கு அங்கே ஒரு மாவு மில்லில் வேலை. கொரின் இங்கேயே இருந்துகொண்டாள். அடுத்த ஜூனில் எவரெட்டைக் கட்டிக்கொண்டாள்.