அவிழாத முடிச்சு

"முடிச்ச அவுத்துடாதடா. அதத் திரும்பப் போடத் தெரிஞ்சவன் இப்ப தட்டுல கெடக்கான்" என்றார் கிழவர் மியாகே.

கறுப்பு டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பயந்துபோய்க் கையை எடுத்தார். பிறகு மெல்லத் தளர்த்தி, தலைவழியாக எடுத்து, அடுத்தவர் கழுத்தில் மாட்டினார். ஒசாகா தகனக்கூடத்தில் கூடியிருந்த பூங்காவாசிகள் அத்தனை பேருக்கும் அந்த ஒரு டைதான். அதைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக, எரிந்த எலும்பு கிடந்த தட்டின் முன்னால் போய்க் குனிந்து வணங்கினார்கள். எல்லோரும் குளித்து, சவரம் செய்து வந்திருந்தார்கள். குழாயடியில்தான் குளித்திருக்க வேண்டும்.

கோஹெய் கதவோரம் நின்றான். தட்டில் வெள்ளை எலும்பாகக் கிடந்தவர் அவனுடைய அப்பா செகாவா. இந்த ஊரின் கண்ணாடிக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர். வேலை படுத்ததும் வெறுங்கையோடு வீட்டுக்கு வர வெட்கப்பட்டுப் போனவர், கடைசிவரை பூங்காவில் நீலத் தார்ப்பாய்க்குள் இருந்துவிட்டார். எலும்பு வேண்டாம் என்று சொல்லத்தான் கோஹெய் வந்திருந்தான். அவன் வேண்டாமென்றால் நாதியற்றவர்களின் பொதுக்குழிக்குப் போய்விடும். தகனக்கூட ஊழியர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"நீங்க வார்டு ஆபீசா, சார்?" என்றார் மியாகே. "எப்பவும் ஒரு பொண்ணுதான வரும்."

கோஹெய் தன் பழுப்பு டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

எதிரெதிராக இரண்டிரண்டு பேர் நின்று, ஒரே எலும்பைக் குச்சிகளால் சேர்ந்து பிடித்து ஜாடியில் வைத்தார்கள். கால் எலும்பில் தொடங்கினார்கள். பெற்ற பிள்ளைகள் செய்கிற வேலை அது. அதை இந்தக் கிழவர்கள் கை நடுங்காமல் செய்துகொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு யாருமே இல்லை என்றல்லவா நினைத்திருந்தான்.

கடைசியாகத் தொண்டையெலும்பு மிஞ்சியது. டையைப் போட்டுக்கொண்டு குஸுமோட்டோ என்பவர் வந்து குச்சியோடு நின்றார். எதிரில் யாரும் வரவில்லை.

"ஏன்யா நிக்கிற?" என்றார் மியாகே.

"எனக்கு எதிர்ல எப்பவும் செகாவாதான நிப்பான். நம்ம ஆளு யார் செத்தாலும் நானும் அவனும்தான கடைசி எலும்ப எடுத்தோம்? ஒருத்தரையும் விட்டதில்லயே."

யாருக்கும் அந்த இடத்தில் போய் நிற்க மனம் வரவில்லை.

கோஹெய் பையைக் கீழே வைத்தான். பழுப்பு டையை உருவி அதற்குள் திணித்தான்.

"நான் அவர் பையன்" என்றான்.

குஸுமோட்டோ அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் டையைத் தளர்த்தி அவனுக்கு மாட்டிவிட்டார். முடிச்சு தொண்டையில் வந்து உட்கார்ந்தது. இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. பள்ளியில் சேர்த்த அன்று அப்பா போட்டுவிட்ட முடிச்சும் இப்படித்தான் சாய்ந்திருந்தது.

"ஒண்ணா தூக்கணும், தம்பி. அவசரப்படாத."

ஒன்றாகத் தூக்கினார்கள். எலும்பில் கனமே இல்லை.

ஊழியர் ஜாடியை வாங்கக் கை நீட்டினார். கோஹெய் அதை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

வாசலுக்கு வந்ததும் ஜாடியைக் குஸுமோட்டோவிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, தலைவழியாக எடுத்து, முடிச்சு கலையாமல் மியாகேயின் கையில் வைத்தான்.