வெர்லின் கழற்றி வைத்த இன்ஜின்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் அந்தச் சின்ன ஓடுதளத்தை ஒட்டிக் கொட்டகை போட்டு, தங்கள் விமானத்தைத் தாங்களே கட்டிக்கொண்டிருந்தவர்களில் கார் இன்ஜினுக்காக வாதாட வெர்லினை விட்டால் ஆள் கிடையாது. புதுசு, மலிவு, உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும் என்பான். விமானத்துக்கென்றே செய்த இன்ஜினை அருங்காட்சியகத்துச் சாமான் என்று கிண்டலடிப்பான். அவன் பேச்சைக் கேட்டுத்தான், பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓரின் தன் விமானத்தில் கார் இன்ஜினைப் பொருத்தினான். இன்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு இடம் அளந்து கொடுத்ததே வெர்லின்தான்.

மே மாதத்தில் ஒருநாள் வெர்லின் தன் கார் இன்ஜின் விமானத்தில் தனியாக மேலேறும்போது தண்ணீர் கொதித்து, இன்ஜின் இழுக்க மறுத்தது. சாலையில் மிதமாக ஓடும் காருக்குப் போதுமான ரேடியேட்டர், முழு விசையில் ஏறும்போது போதவில்லை. எப்படியோ திரும்பி இறங்கினான். யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்ஜினைக் கழற்றி மூலையில் போர்த்தி வைத்துவிட்டு, காற்றிலேயே குளிரும் விமான இன்ஜின் ஒன்றுக்குச் சொல்லி வைத்தான். அன்று முதல் அவன் கொட்டகைக் கதவை யாருக்கும் திறக்கவில்லை. ஓரினிடம் சொல்லப் பலமுறை வாயெடுத்தான். அதற்குள் ஓரின் நன்றி சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

ஜூன் கடைசியில் ஓரின் முதன்முதலாகப் பறக்கும் நாளன்று, விமானம் கட்டுவோர் சங்கத்தார் மடக்கு நாற்காலியும் காப்பியுமாக வந்து சேர்ந்தார்கள். விமானம் ஓடுதள முனைக்கு உருளத் தொடங்கியதும் வெர்லின் புல்வெளியில் ஓடிப்போய்க் கையை விரித்துக் குறுக்கே நின்றான். ஓரின் இன்ஜினை அணைத்துத் தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியைத் திறந்தான்.

"என்னப்பா, எதையாவது மறந்துட்டேனா?"

"ஏறாதே ஓரின். தண்ணி கொதிச்சிடும். எனக்குக் கொதிச்சுது. நான் கழட்டிட்டேன்."

"எப்போ?"

"மே மாசம்."

ஓரின் மெதுவாக இறங்கி விமானத்தின் மூக்கைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தான். அவன் மனைவி மார்வெல்லாதான் கேட்டாள்: "போன வாரம் எங்க வீட்ல சாப்பிட்டப்போ, இவர் பறக்கிறதுல பயப்பட ஒண்ணுமில்லையேன்னு கேட்டேனே. தலையாட்டினீங்களே, வெர்லின்?"

வெர்லின் குனிந்தபடியே தான் கிண்டலடித்த விமான இன்ஜினையே வாங்கப்போவதையும் அங்கேயே சொன்னான். ஒருவராவது சிரித்திருக்கலாம். எல்லோரும் நாற்காலியை மடக்கினார்கள்.

ஓரின் விமான இன்ஜின் வாங்கவில்லை. பெரிய ரேடியேட்டர் வைத்து, காற்று நுழையும் வாயை அகலமாக்கி, கோடை முழுக்கத் தரையிலேயே ஓட்டிப் பார்த்தான். வெர்லினை உதவிக்குக் கூப்பிடவில்லை. செப்டம்பரில் ஓரின் பறந்ததை வெர்லின் ஓடுதள வேலிக்கு வெளியே தன் டிரக்கில் உட்கார்ந்து பார்த்தான். விமானம் சோளக்காட்டுக்கு மேல் சீராக ஏறி வளைந்தது. கீழே எல்லோரும் கைதட்டினார்கள். வெர்லினுக்கும் தட்டத் தோன்றியது. யாராவது திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.