எட்டு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடி

எட்டே மாடி உள்ள அந்தக் கட்டடத்தின் லிஃப்ட், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்பதாவது மாடிக்குப் போய் நின்றது. எட்டுக்கு மேலே தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் கிடையாது என்பது குடியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். லிஃப்டுக்குத் தெரியவில்லை, போய்விட்டது. உள்ளே இருந்தவள் மெக்கானிக். வாய் பிளந்து நிற்க அவளுக்கு நேரமில்லை.

விஷயம் இதுதான். அந்த லிஃப்டைச் செய்த கம்பெனியை மூடி எத்தனையோ காலமாயிற்று. அது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்று நின்று ஆளைப் படுத்தி எடுத்தது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் ஒரேயடியாக நிறுத்திவிடுவது என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது. எட்டாவது மாடியில் இருந்தவளோ மெக்கானிக்கின் கூடப்பிறந்த அக்கா, சக்கர நாற்காலிக்காரி. லிஃப்ட் போனால் அவள் வீட்டையே காலி செய்ய வேண்டியதுதான். மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது, நடுவில் மாட்டிக்கொள்ளப் பயந்து அவள் தெருவை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கென்னடி, மேல காத்து ஜிலுஜிலுன்னு வருது” என்று அவள் சொல்லும்போதெல்லாம் தங்கை மறுபடியும் லிஃப்டைக் குடையக் கிளம்பிவிடுவாள்.

தெரிந்த வேலையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, ஃபோனில் பழைய லிஃப்ட் மெக்கானிக்குகளின் குழு ஒன்றில் சேர்ந்தாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருந்தவர்கள், யாராவது ஒரு பழுதைப் படம் பிடித்துப் போட்டால் போதும், விழுந்தடித்துக்கொண்டு பதில் சொல்வார்கள். இவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காரணம், லிஃப்டை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற ரிலேயின் முனைகளை அவள் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தாள். தேய்த்தால் வெள்ளிப் பூச்சு போய்விடும், மின்சாரம் தடுமாறும் என்பது அந்தக் குழுவில் படித்த பிறகுதான் தெரிந்தது. கெடுத்ததே நான்தான் என்று எந்த முகத்தோடு எழுதுவது? வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை, லிஃப்டுக்குள் நின்றபடியே எழுதிவிட்டாள்: “உப்புத்தாள் போட்டுட்டேங்க.” அனுப்பியதுதான் தாமதம், லிஃப்ட் கிளம்பி நாலைத் தாண்டி, ஐந்தைத் தாண்டி, எட்டையும் தாண்டியது.

கதவு திறந்தால் நீளமான பட்டறை. குழுவே அங்கே உட்கார்ந்திருந்தது. அவரவர் ஊர் நேரப்படி ஒருவர் குளித்த ஈரத்தலையோடு, இன்னொருவர் தூக்கக் கலக்கத்தோடு. எல்லாரும் அவரவர் மொழியில்தான் பேசினார்கள். பேசப் பேச அவர்கள் சட்டைப் பையின் மேல் தமிழில் எழுத்து ஓடியது. ஓரிடத்தில் லிஃப்டின் ரிலேயை ரிலே பந்தயமாக்கித் தொடர் ஓட்டம் என்று காட்டியது, அவள் சரிசெய்து படித்துக்கொண்டாள். “உப்புத்தாள் போடாத மகாராஜா யாரு, கையைத் தூக்குங்க பாப்போம்!” என்றாள் ஒரு பருமனான பெண். ஒரு கைகூட எழவில்லை. சிரிப்பில் பட்டறையே குலுங்கியது. மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இழுப்பறைகளைக் குடைந்து புது முனைகள் எடுத்துக் கொடுத்தார்கள், முனைகளுக்கு நடுவே சரியான இடைவெளி வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கிரீச்சிடும் கதவை அடக்க அவள் கண்டுபிடித்திருந்த வழியை நரைமீசைக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு லிஃப்ட் நடுவில் நிற்கவே இல்லை. வியாழக்கிழமைகளில் மெக்கானிக் ஒன்பதுக்குப் போய் வருவது வழக்கமாயிற்று. அந்த மாடியை யார் பெருக்குவது என்று மட்டும் சங்கத்தில் கொஞ்ச நாள் இழுபறி நடந்தது.

லிஃப்ட் சரியான அன்றே அக்கா கீழே இறங்கினாள். வாசலில் வெயில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். பிறகு சக்கரங்களைத் தானே உருட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

“எங்கக்கா போறே?”

“யாருக்குடி தெரியும்! போய்ப் பாக்குறேன்!”

தங்கை அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். ஒன்பதாவது மாடியிலிருந்து யாரோ லிஃப்டைக் கூப்பிட, அது போய்விட்டு வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. அக்காதான் சாயங்காலமாகியும் வீடு திரும்பவில்லை. ஐஸ்கிரீம் கடை வாசலில் யாரோடோ சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்ததாக வாட்ச்மேன் சொன்னார்.