வலது பக்கமாக அடித்த பந்துகள்

பிஸ்கட் கம்பெனியின் பெண்கள் வாலிபால் அணியில் பட்டப்பெயர் இல்லாமல் யாரும் தப்பித்தது கிடையாது. அண்ணிக்குச் சம்மட்டி என்று பெயர். வலையை ஒட்டி எகிறி அவள் ஒன்று போட்டால், எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கமாட்டார்கள், தங்கள் கை கால் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அவளுடைய நாத்தனாருக்குப் பல்லி என்று பெயர். தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, இதோ விழுந்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட பந்தையும் எடுத்துவிடுவாள். ஒருத்தி அடிக்கப் பிறந்தவள், இன்னொருத்தி எடுக்கப் பிறந்தவள். இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே ஷிஃப்ட்.

"வீட்டுலயும் இப்படித்தானா?" என்று பேக்கிங் பெண்கள் கேலி செய்வார்கள்.

"வேற எப்படி? அவங்க பாத்திரத்தைப் போடுவாங்க, நான் எடுத்து வைப்பேன்" என்பாள் பல்லி.

அந்தக் கேலியெல்லாம் ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் நின்றுபோனது. வழக்கமான பயிற்சிதான். அண்ணி மூன்று எட்டு ஓடி வந்து எகிறினாள். அதே நேரம் வாசலிலிருந்து யாரோ பல்லியைக் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பினாள். மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் பந்து வந்துவிட்டது. இடது கண்ணில். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, ஈரத் துணியைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம். பல்லி கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததும், விரலிடுக்கில் ரத்தம் வந்ததும், அண்ணிக்கு இன்றைக்கும் கண்முன்னால் அப்படியே நிற்கிறது.

விழித்திரை கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் நடந்தது. அதே கண்ணில் இன்னொரு அடி பட்டால் அதற்கப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்லி அனுப்பினார்.

"விளையாட்டுன்னா படுறதுதான். அவ வேணும்னா அடிச்சா?" என்று மாமியார் எல்லார் முன்னாலும் சொன்னாள். சொன்னாளே தவிர, அன்றிலிருந்து மருமகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். சாப்பாடு இருக்கிறது, துணி காய்ந்துவிட்டது, எல்லாமே சுவரைப் பார்த்துத்தான். திட்டினால்கூடப் பரவாயில்லை, நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகட்டும் என்று அண்ணிக்கு இருந்தது.

கடைசி செக்கப்புக்குப் பல்லி தனியாகத்தான் போய்விட்டு வந்தாள். "எல்லாம் சரியாயிடுச்சாம். விளையாடலாம்னு சொல்லிட்டாங்க" என்று செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். வீடே மூச்சு விட்டது. ஆனால் அண்ணி விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது, ஏனென்றால் பல்லி அடுத்ததாக ஒன்று சொன்னாள்.

"நாளைலேர்ந்து நீங்கதான் எனக்கு அடிக்கணும், அண்ணி. உங்க பந்தை எடுத்துட்டா வேற எவ பந்துக்கும் எனக்குப் பயம் இருக்காது."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கண்ணில் அடித்தது போதாதென்று ஆட்டத்தையும் பறித்தேன் என்றாகிவிடுமே. ஆட்டம் இல்லாவிட்டால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று அண்ணிக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் இருந்த மூன்று மாதமும் அவள் சுவரில் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கெஞ்சும் வரைக்கும்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு. அதில்தான் கோர்ட். தகரக் கூரை, ஒரு பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மின்விசிறி. அது ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது, நிறுத்தினால் வெக்கை ஆளைக் கொன்றுவிடும். காலை ஷிஃப்ட் முடிந்து நான்கு மணிக்கு மற்றவர்கள் வருவதற்கு முன்பே இவர்கள் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு மரப்பெட்டியின் மேல் அண்ணி ஏறி நிற்பாள். இந்தப் பக்கம் பல்லி. பெட்டிமேல் நின்று பந்தைத் தானே தூக்கிப்போட்டுத் தானே அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது பந்து.

கோச் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர். அவருக்கு எல்லாமே ஒழுங்காக இருக்க வேண்டும். "காலை அகட்டு. முட்டியை மடக்கு. பாரம் குதிகால்ல இல்ல, விரல்ல. கையை வீசாதே, பலகை மாதிரி நீட்டி வை, பந்து தானா வந்து பட்டுட்டுப் போகட்டும். பந்தைப் பார்த்துக்கிட்டு நின்னா நேரம் போயிடும், அடிக்கிறவ தோளைப் பாரு. எங்க வரப்போகுதுன்னு தோளே சொல்லிடும்" என்று பாடம் ஒப்பிப்பது போல ஒப்பிப்பார். பல்லி அத்தனையையும் அப்படியே செய்வாள்.

முதல் நாள் அண்ணி பெட்டியில் ஏறி நின்றாள். உள்ளங்கை வேர்த்துப் பந்து வழுக்கியது. எதிரே அந்த இடது கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாத கண், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பந்தைத் தூக்கிப்போட்டாள். கை பந்தைத் தொடும் கடைசி நேரத்தில் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினாள். பந்து பல்லியின் வலது பக்கமாகப் போனது. பல்லி சாய்ந்து எடுத்துவிட்டாள்.

அப்பாடா என்றிருந்தது. அடுத்ததையும் அவளுக்கு வலது பக்கமாகவே அடித்தாள். அதற்கடுத்ததும் அப்படியே. வேகம் குறையவில்லை, திசை மட்டும்தான் மாறியது. இடது கண் இருக்கும் பக்கத்துக்கு ஒரு பந்தும் போகாது. யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் பல்லி பெட்டியை எட்டி உதைத்துவிடுவாள். நாற்பது நாள் இப்படியே ஓடியது. ஐம்பதில் இருபது எடுத்தவள் முப்பது எடுத்தாள், பிறகு நாற்பத்தைந்து.

"பார்த்தீங்களா அண்ணி, பழையபடி வந்துட்டேன்" என்று சிரிப்பாள். அண்ணியும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒவ்வொரு பந்துக்கும் உயிர் போய் உயிர் வருகிறது என்று யாரிடம் சொல்ல?

போட்டிக்கு முந்தின நாள் கோச் ஓரமாக நின்று பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பல்லி ஏன் நீ அடிக்கிறதுக்கு முன்னாடியே வலது பக்கம் சாயுறா?"

அண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்படியா, மாஸ்டர்?"

"அப்படியாவா? ஒவ்வொரு பந்துக்கும் அதே கூத்துதான். கால் முதல்லயே அங்க போயிடுது. நாளைக்கு வர்ற டீம்ல ஒரு இடதுகைக்காரி இருக்கா, அவ இவளோட இடது பக்கமாத்தான் போடுவா. சாஞ்சுக்கிட்டு நிக்கிறவ சமாளிச்சுத் திரும்புறப்போ முகத்துல நேரா வந்து விழும். இன்னிக்கு இடது பக்கமா மட்டும் முப்பது பந்து போடு. நான் வேனுக்குச் சொல்லிட்டு வர்றேன்."

அவர் போய்விட்டார். அண்ணி அதே இடத்தில் நின்றாள். அடக் கடவுளே, நானே பழக்கிவிட்டேன். காப்பாற்றுகிறேன், காப்பாற்றுகிறேன் என்று நாற்பது நாளாக அவள் காலுக்குத் தப்பான பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு எவளோ ஒருத்தி அடிக்கப்போகிறாள், அவள் மணிக்கட்டைத் திருப்பப்போவதில்லை.

வேறு வழியில்லை. "மாஸ்டர் இன்னும் முப்பது போடச் சொன்னார்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் ஏறினாள். இடது பக்கமாக ஒன்று போட்டாள். மெதுவாகத்தான். பல்லி தடுமாறித் தட்டிவிட்டாள்.

"என்ன அண்ணி, குழந்தைக்கா போடுறீங்க? ஒழுங்கா அடிங்க."

ஒழுங்காக அடித்தாள். பந்து பல்லியின் இடது காதை உரசுவது போலப் போய்ச் சுவரில் மோதியது. பல்லியின் கை பந்து போன பிறகுதான் எழுந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. நான்காவது பந்து கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனபோது அண்ணி ஒன்றைக் கவனித்தாள். பல்லி அந்தப் பக்கத்துக் கண்ணைச் சிமிட்டவில்லை. அடி பட்ட கண். பந்து வந்தால் தானாக மூடிக்கொள்ளாதா?

பெட்டியிலிருந்து இறங்கினாள். பந்து பொறுக்கப் போகிறவள் போல ஓரமாக நடந்து, சுவரோரமாகச் சுற்றி, பல்லியின் இடது பக்கம் வந்தாள். விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. பல்லி வலையைப் பார்த்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி கையிலிருந்த பந்தை மெதுவாகத் தூக்கி அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒரு கை தூரம்கூட இல்லை.

பல்லி திரும்பவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "அண்ணி, எங்க போனீங்க? நேரமாகுது."

அண்ணியின் கையிலிருந்து பந்து விழுந்தது. பல்லி துள்ளித் திரும்பினாள். முழு உடம்பையும் திருப்பினாள். கண்ணைப் பற்றி மறைக்க இனி ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"கட்டைப் பிரிச்ச அன்னிலேர்ந்தே மங்கல்தான். கடைசி செக்கப்புல, இனிமே வராதுன்னு சொல்லிட்டாங்க."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க பந்தைத் தொடுவீங்களா? அம்மா உங்களை ஒரு வாய் சோறு நிம்மதியா சாப்பிட விடுவாங்களா?" பல்லியின் குரல் இறங்கியது. "நாம ஒரே வீட்டுல இருக்கணுமே, அண்ணி."

அண்ணிக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று மண்டையில் இறங்கியது. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. இருப்பது வலது ஒன்றுதான். நாற்பது நாள், ஒரு நாளைக்கு ஐம்பது பந்து, அத்தனையையும் அந்த ஒற்றைக் கண் இருக்கும் பக்கம் பார்த்து, குறிவைத்து, சம்மட்டி அடியாக அடித்திருக்கிறாள். ஒரே ஒரு பந்து கை தப்பியிருந்தால் போதும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வேணும்னேதான் வலது பக்கமா அடிச்சேன்" என்றாள். "இடது கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு."

பல்லி திரும்பி அந்த மரப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "அப்போ நான் தேறவே இல்லையா? நீங்க போட்ட இடத்துலயே வந்து நின்னுக்கிட்டு இருந்தேனா?"

கண்ணைப் பற்றிப் பேசியபோது உடையாத குரல் அப்போது உடைந்தது.

"டாக்டர் ஆடவே கூடாதுன்னாரா?" என்று கேட்டாள் அண்ணி.

"இருக்கிறது ஒண்ணுதான், பத்திரம்னார். ஆடியே ஆகணும்னா கெட்டிக் கண்ணாடி போடாம கோர்ட்டுல காலே வைக்கக் கூடாதுன்னார்."

"அது எங்க?"

"பையிலதான் இருக்கு."

"நாற்பது நாளா பையிலயா வெச்சிருந்த?"

"போட்டா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். எடுத்துப் போடு. கோச்சுகிட்ட இன்னிக்கே சொல்றோம். நாளைக்கு ஆடுறதா வேணாமான்னு அவர் சொல்லட்டும்."

"அம்மா?"

அண்ணி வீட்டுக் கூடத்தையும், சுவரைப் பார்த்துப் பேசும் மாமியாரின் முகத்தையும் நினைத்துப் பார்த்தாள். இனி அந்த முகம் சாகும்வரை தன் பக்கம் திரும்பாது என்று தெரிந்தது.

"நான் சொல்றேன்."

"உங்களைச் சும்மா விடமாட்டாங்க."

"விட வேணாம்."

பல்லி பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். தடித்த சட்டம், பின்னால் பட்டை. மாட்டிக்கொண்டதும் யாரோ போலத் தெரிந்தாள். அண்ணி அவள் தாடையைப் பிடித்து முகத்தை இடது பக்கமாகக் கொஞ்சம் திருப்பிவிட்டாள். "மூக்கு இந்தப் பக்கம் பார்க்கட்டும். அப்போ வலது கண்ணுக்கே ரெண்டு பக்கமும் தெரியும். காலையும் அதுக்குத் தக்க மாத்து. நான் அடிக்கிறதுக்கு முன்னாடி சாயாதே."

"நிஜமா அடிப்பீங்களா?"

"அடிப்பேன்."

பெட்டியில் ஏறும்போது இரண்டு முறை கால் தவறியது. பந்தைத் தூக்கிப்போட்டு, மணிக்கட்டைத் திருப்பாமல், பல்லியின் இடது தோளைப் பார்த்து முழுப் பலத்தோடு அடித்தாள். பல்லி இந்தத் தடவை சாயவில்லை. கையை நீட்டினாள், ஆனால் ஒரு விரற்கடை தப்பு. பந்து முன்கையில் பட்டு எகிறி முகத்தில் மோதியது. அதே சத்தம். கண்ணாடி நெற்றிக்கு ஏறிக்கொண்டது. பல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

அண்ணி எப்படி இறங்கினாள், வலைக்கு அடியில் எப்படிப் புகுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முட்டி போட்டு அந்தக் கைகளைப் பிடித்து இழுத்தாள். கை வரவில்லை. "காட்டுடி, தயவுபண்ணி காட்டுடி" என்று கெஞ்சினாள். ஒருவழியாகக் கை விலகியது. மூக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. வலது கண் திறந்திருந்தது, சிமிட்டியது, அண்ணியின் முகத்தின் மேல் வந்து நின்றது.

"உங்க மூக்கு தெரியுது" என்றாள் பல்லி. "அழுமூஞ்சி மாதிரி இருக்கீங்க."

அண்ணி அவள் தோளில் தலையை வைத்து அழுதாள். ஐந்து மாதத்து அழுகையும் சேர்ந்து வந்தது. பல்லி துண்டின் ஒரு நுனியால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு நுனியால் அண்ணியின் முகத்தைத் துடைத்தாள். பிறகு கண்ணாடியை இறக்கிப் பட்டையை இறுக்கிக்கொண்டாள்.

"போங்க, அண்ணி" என்றாள். "இன்னும் இருபத்தஞ்சு இருக்கு."